வந்ததை அனுப்பினேன்

எனக்குப் பெரியப்பா முறையாகும் பங்காளி ஒருவர், போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு வாட்ஸ்அப்பில் இறந்துபோனார். அந்த நேரத்தில் அவர் சிவன்மலைக்குப் பக்கத்தில் உள்ள தம் தோட்டத்துக் கட்டுத்தரையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். போன் திண்ணையில் சார்ஜில் கிடந்ததால், தாம் இறந்த செய்தி அவருக்குத் தெரிய அரை மணி நேரம் ஆகிவிட்டது.

ஊத்துக்குளிப் பக்கம் அதே பெயருடைய வேறொருவர் காலமாகியிருக்கிறார். பெயரை மட்டும் கேள்விப்பட்ட யாரோ ஒருவர், ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த எங்கள் பெரியப்பாவின் படத்தைத் தேடிப் பிடித்து, சுற்றிலும் ரோஜாப்பூவும் கீழே இரண்டு குத்துவிளக்கும் வைத்து, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதி அனுப்பிவிட்டார். அது எங்கள் குலதெய்வக் கோயில் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பதற்காகத் தொடங்கிய குழு அது. கும்பாபிஷேகம் முடிந்தது, 48 நாள் மண்டல பூஜையும் முடிந்தது, வரவு செலவுக் கணக்கும் படித்தாயிற்று. குழு மட்டும் கலையவில்லை. அதில் இருக்கும் 340 பேரில் 61 பேர் ஒரு மணி நேரத்துக்குள் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்திருந்தார்கள். ‘நேற்றுக்கூடப் பேசினேன், நம்பவே முடியவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நேற்றுப் பேசியது உண்மைதான். நம்ப முடியாததை ஏன் நம்பினார் என்பதுதான் விளங்கவில்லை. தாராபுரத்திலிருந்து மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய ஓர் உறவினருக்குக் காங்கேயம் பஸ் நிலையத்தில் வைத்துத்தான் விஷயம் தெரிந்தது.

எட்டரை மணிக்குப் பெரியப்பாவே எனக்குப் போன் செய்தார். “ஏங்கண்ணு, நான் செத்துப்போயிட்டனாமா?” என்றார். குரலில் கோபத்தைவிட ஒருவித ஆர்வமே அதிகம் தெரிந்தது. அன்று பகல் முழுவதும் அவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு, இரங்கல் தெரிவித்த 61 பேரையும் ஒருவர் பின் ஒருவராக அழைத்து, “உனக்கு யாரு சொன்னாங்க?” என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “குழுவுல வந்துச்சுங்க.” முதலில் அதைப் போட்டவரைக் கண்டுபிடித்துக் கேட்டதற்கு, தம்பி அனுப்பினான் என்றார். தம்பியைக் கேட்டதற்கு, வேறொரு குழுவில் வந்தது என்றான். மாலைக்குள் நான்கு குழுக்களைத் தாண்டிப் போயும், ‘நான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்கிற ஓர் ஆளைப் பெரியப்பாவால் பிடிக்க முடியவில்லை.

அந்த ‘வந்துச்சு’ என்ற சொல்லைப் பற்றித்தான் பல நாளாக எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழை வரும், காய்ச்சல் வரும், ஆற்றில் வெள்ளம் வரும். அவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் செய்தி என்பது ஒருவர் வாயிலிருந்து புறப்படுவது. ‘அவர் சொன்னார்’ என்றால் அந்த வாக்கியத்துக்குள்ளேயே ஓர் ஆள் நிற்கிறார். நாளைக்குச் சந்தையிலோ கல்யாணத்திலோ அவரைப் பிடித்து நிறுத்திக் கேட்கலாம். ‘வந்துச்சு’ என்று சொல்லும்போது அந்த ஆளை நாம் வாக்கியத்திலிருந்தே எடுத்துவிடுகிறோம். அடுத்ததாக ‘அனுப்பினேன்’ என்று சொல்லும்போது, தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பதைப்போல நம்மையும் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுகிறோம். தபால்காரராவது எல்லாக் கடிதத்தையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். நாம் அப்படி அல்லவே; நமக்கு வருகிற நூற்றில் நான்கைத்தான் அனுப்புகிறோம். எந்த நான்கு என்று தேர்ந்தெடுப்பது நாம்தான்.

என் சிறு வயதில் அப்பாரு, அதாவது தாத்தா, இறந்தபோது ஊர் ஊராக ஆள் அனுப்பி எழவு சொன்னார்கள். எழவு சொல்ல வந்தவர் வாசலில் நின்று, இன்னார் இறந்துவிட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்வார். கேட்பவர்கள் தவறாமல், “யாரு சொல்லி உட்டாங்க?” என்று கேட்டுக்கொள்வார்கள். பதில் சொல்ல ஒரு பெயர் எப்போதும் இருக்கும். அந்த வேலையைச் சாதி பார்த்துச் சிலர் தலையில் கட்டி, அவர்களை வாசலோடு நிறுத்திவைத்திருந்த அநியாயத்தை மறைத்துவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் உயிரோடு இருப்பவருக்கு எழவு சொல்லிவிட்டதாக ஒரு சம்பவத்தைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

பெரியப்பா கதை சிரித்துவிட்டுப் போகக்கூடியது. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. குழந்தை கடத்துகிறவர்கள் என்ற வதந்தி அப்போது போன் போனாகப் பரவியிருந்தது. ஊர் கூடி அடித்ததில் அந்தக் குடும்பத்து மூதாட்டி இறந்துபோனார். நாடு முழுவதும் இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பல முறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. அப்படிப்பட்ட செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். எங்கள் குழுவில் பலர் அந்த இரட்டை அம்புக்குறியை முக்கியமான செய்திக்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை; யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

கொங்கு நாட்டில் வதந்தி முதலில் கைவைத்தது கோழியின் மேல். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கொரோனா என்ற பெயரே நமக்குப் புதிதாக இருந்தபோது, கறிக்கோழி தின்றால் அந்த நோய் வரும் என்று ஒரு செய்தி கிளம்பியது. கூடவே ஒரு நோய்க்கோழியின் படமும் சுற்றியது. பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் கோழிப்பண்ணைத் தொழில் எப்படி நடக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். கம்பெனி குஞ்சு விடும், தீவனமும் மருந்தும் கொடுக்கும். செட்டு எனும் கோழிக் கொட்டகையும் தண்ணீரும் கரண்டும் ஆள் வேலையும் பண்ணைக்காரர் பொறுப்பு. நாற்பது நாள் அளவில் கோழி இரண்டு கிலோவை எட்டும்போது எடை போட்டு எடுத்துச் செல்வார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். எடை வந்த கோழியை அதற்கு மேல் ஒரு நாள் வைத்திருந்தாலும் தீவனம் நட்டம். சரக்கு விற்கவில்லை என்று மில்லை நிறுத்துவதுபோல, கோழியை இரை எடுக்காமல் நிறுத்த முடியாது. பல்லடத்தில் அறிவிக்கிற பண்ணை விலை அந்த மார்ச்சில் பாதாளத்துக்குப் போயிற்று. நாமக்கல்லில் முட்டை தேங்கியது. கோழிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை என்று அரசுகள் அறிக்கை விட்டன; பண்ணைக்காரர்கள் பல இடங்களில் கோழி வறுவலை இலவசமாகக் கொடுத்து, கூட்டத்தின் முன்னால் தாங்களும் தின்று காட்டினார்கள்.

என் மாமனாருக்குப் பொங்கலூர்ப் பக்கம் இரண்டு செட். எடுத்துச் செல்ல லாரி வராமல், ஐம்பது நாள் தாண்டிய கோழிகள் நடக்க முடியாமல் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் நான் அங்கே போயிருந்தேன். மத்தியானம் இலையில் பருப்பும் பீர்க்கங்காய்ப் பொரியலும் விழுந்தன. மாப்பிள்ளை வந்தால் கோழிக் குழம்பு இல்லாமல் அந்த வீட்டில் சோறு போட்டதே இல்லை. என்னவென்று கேட்டேன். மாமியார் சங்கடப்பட்டுக்கொண்டே, “போன்ல என்னென்னமோ வருதுங்க மாப்பிள்ளை, எதுக்கு வம்புன்னு ரெண்டு வாரமா வீட்டுல வெக்கறதில்லைங்க” என்றார். செட்டுக்குள் எட்டாயிரம் கோழி நிற்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட அடித்துத் தின்ன அந்த வீட்டுக்கே துணிவில்லை. மாமனார் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தொகுதி போன பிறகு நான்கு மாதம் அவருக்குக் கம்பெனி குஞ்சு விடவில்லை. செட்டுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த நான், மூன்று வருடத்துக்குள் என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் ஜாப் ஒர்க் கம்பெனி நடத்துகிறேன். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 24 மெஷின். கைமடி, செக்கிங் ஆட்களோடு முப்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் 14 பேர் பீகாரிலிருந்து வந்தவர்கள். 2023 ஜனவரிக் கடைசியில், திருப்பூரில் உள்ளூர்க்காரரை வடமாநிலத் தொழிலாளர்கள் கும்பலாகத் துரத்துகிற காணொளி ஒன்று வந்தது. பார்த்தவுடன் எனக்கு ரத்தம் கொதித்தது. ‘இப்படியே விட்டால் நாளைக்கு நம் ஊரில் நாமே அகதி’ என்று ஒரு வரியை மேலே எழுதி நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். அந்த வரி வேறெங்கிருந்தும் வந்ததல்ல, நானே எழுதியது; எனவே ‘வந்ததை அனுப்பினேன்’ என்றுகூட நான் தப்பிக்க முடியாது. ஒரு கடை வாசலில் மூண்ட சில்லறைத் தகராறு அது என்று காவல்துறை பின்னால் விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை நான் படித்தேன். நான்கு குழுவில் ஒன்றுக்குக்கூட அதை அனுப்பவில்லை. அனுப்பத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. காணொளியை அனுப்பியபோது, ஊரைக் காக்க நானும் ஏதோ செய்துவிட்டேன் என்ற நிறைவு கிடைத்தது. விளக்கத்தை அனுப்பியிருந்தால் அவசரப்பட்டவன் என்ற பெயர்தான் கிடைத்திருக்கும்.

அந்தக் காணொளியை நான் கம்பெனியில், என் மேஜையில் உட்கார்ந்துதான் அனுப்பினேன். பத்தடி தூரத்தில் அந்தப் பதினான்கு பேரும் தைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருவன் யாரையாவது துரத்துவான் என்று அப்போதோ அதற்கு முன்போ நான் நினைத்ததுண்டா என்றால், இல்லை. என் மனத்தில் இருந்த ‘அவர்கள்’ வேறு, என் கம்பெனியில் இருந்த இவர்கள் வேறு. இரண்டும் ஒன்றென்று நினைக்காமலே ஒரு மனிதனால் காலம் தள்ள முடிகிறது.

ஒரே மாதத்தில் காற்று திசை மாறி அடித்தது. மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே காணொளிகள் பரவின. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, அப்படிச் சுற்றிய இரண்டு காணொளிகளுமே பொய்ப் பிரச்சாரம் என்று மறுத்தார். ஒன்று பீகார்த் தொழிலாளர்களின் இரு பிரிவுகளுக்குள் நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று விளக்கினார். பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அந்த மாநில அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து தொழிலாளர்களிடம் நேரில் விசாரித்தது. காயத்துக்குக் கட்டுப் போட்டவர்களைப்போல இருவரைக் காட்டிய ஒரு காணொளி, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் வைத்து நடித்து எடுத்தது என்று பீகார்க் காவல்துறையே கண்டுபிடித்தது. இவையெல்லாம் பிற்பாடு செய்தித்தாளில் வந்தவை. திருப்பூரில் காவல்துறை இந்தியில் அறிவிப்புச் செய்து, உதவிக்கு அழைக்க எண்களும் கொடுத்தது. எங்கள் கம்பெனிச் சுவரிலும் அந்த நோட்டீஸை ஒட்டினோம்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயங்காலம், ஓவர்லாக்கில் உட்காருகிற பையன் என் மேஜைக்கு வந்தான். ஆறு வருடமாக வேலை செய்கிறவன். “அண்ணா, ஊருக்குப் போறேன்” என்றான். ஹோலி மார்ச் 8ஆம் தேதி. ஹோலிக்கு எப்போதும் சிலர் போவார்கள், அது வழக்கம்தான். இந்தத் தடவை 14 பேரில் 12 பேர் போகிறார்கள் என்றான். ஆறு வருடமாக என்னோடு இருக்கிறாயே, உன்னை யார் அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் செய்து அழுகிறாள் என்று சொல்லிவிட்டு, தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். ஒரு தெரு, ஓடுகிற ஆட்கள், கையில் கட்டை, பின்னணியில் இந்தியில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். நான் அந்தத் தெருவில் தெரிந்த கடைப் பலகையைப் பார்த்தேன். அதிலிருந்தது தமிழ் எழுத்தே இல்லை. தெலுங்கோ கன்னடமோ, ஏதோ ஒன்று. “இது தமிழ்நாடே இல்லைடா, இந்த எழுத்தைப் பாரு” என்றேன். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, “எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு அண்ணா” என்றான்.

அவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜனவரியில் நான் அனுப்பிய காணொளியில் அந்தக் கும்பல் இந்தியில் என்ன கத்திக்கொண்டு ஓடியது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இரண்டு பேருமே தங்களால் படிக்க முடியாத ஒன்றை நம்பி, ஒருவரையொருவர் பார்த்துப் பயந்திருக்கிறோம். இருவரும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். கேட்டிருந்தால் ஒருவருக்கொருவர் படித்துச் சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். எர்ணாகுளத்திலிருந்து பாட்னா போகிற ரயிலில் முன்பதிவு கிடைக்காமல், பொதுப்பெட்டியில் நின்றுகொண்டே போனதாக அறிந்தேன். அப்படி ரயில் நிலையத்தில் நின்ற கூட்டத்தைப் படம் எடுத்து, ‘உயிருக்குப் பயந்து தமிழ்நாட்டை விட்டு ஓடுகிறார்கள்’ என்று அதையும் பரப்பினார்கள். வதந்திக்குப் பயந்து போனவர்களின் படமே அந்த வதந்திக்குச் சாட்சியாயிற்று. என்னிடம் தைக்க வந்திருந்த ஆறாயிரம் பீஸை, ஆள் இல்லை என்பதால் எக்ஸ்போர்ட் கம்பெனி திருப்பி எடுத்துக்கொண்டு வேறு யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கப்பல் யாருக்காகவும் நிற்காது. பாதி மெஷின் துணி போர்த்திக் கிடந்த அந்த மூன்று வாரமும் எனக்கு இரவில் நினைவுக்கு வந்தது நான் எழுதிய அந்த ஒற்றை வரிதான். அது பீகாருக்குப் போயிருக்காது, யாரையும் பயமுறுத்தியிருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் எவனோ ஒருவன் இதே மாதிரி ஒரு மேஜையில் உட்கார்ந்து, இதே நிறைவோடு, இதே மாதிரி ஒரு வரியை எழுதி அனுப்பியிருப்பான் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அந்தப் பொய்க் காணொளிகளைப் பரப்பியதாகத் தேடப்பட்ட பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் மார்ச் 18ஆம் தேதி சரணடைந்தார். தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் மேல் தேசிய பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது. எங்கள் குழுக்களில் பட்டாசு வெடிக்காத குறைதான். விசாரணையும் தண்டனையும் இல்லாமல் ஒருவரை உள்ளே வைத்திருக்க உதவுகிற சட்டத்தைக் கண்டு இவ்வளவு குதூகலிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதைவிட உறுத்தியது வேறு. ஒருவரைப் பிடித்துவிட்டால், அனுப்பிய லட்சம் பேரும் கையைத் துடைத்துக்கொள்ளலாம். வழக்கு வாங்கும் அளவுக்குப் பெரிய பொய் சொல்பவர்கள் மிகச் சிலர். அவர்களை வளர்ப்பது, அடுத்த வீட்டில் நல்லவராக வாழ்ந்துகொண்டு, கையில் வந்ததை அனுப்புகிற நம்மைப் போன்றவர்கள்.

பொய் என்று தெரிந்தும் குழுவில் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று கேட்டால், அதற்கு நம் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. இங்கே மரியாதை என்பது பேச்சின் உப்பு. பத்து வயதுப் பிள்ளையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், 340 பேர் பார்க்க, சம்பந்தி போட்ட செய்தியைத் தப்பு என்று எப்படி எழுதுவது? பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு, நாளைக்குச் சீர் செய்ய வேண்டிய மாமன் என்று எல்லோரும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். நேரில் என்றால், “அப்படியுங்களா? நான் வேற மாதிரி கேள்விப்பட்டனுங்க” என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும், மரியாதையும் கெடாது. அந்த இழுப்பை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. எழுதினால் ஒன்று சண்டையாகிறது, இல்லாவிட்டால் வெறும் எமோஜிப் பொம்மையாகிறது. அதனால் வாயை மூடிக்கொள்கிறோம். நம் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு செய்தி அடுத்த குழுவுக்குப் போய்விடுகிறது.

டீக்கடைப் பேச்சு இதைவிட மேல் என்று பலர் எழுதுகிறார்கள். ஓரளவுதான் ஒப்புக்கொள்வேன். இரட்டை டம்ளர் வைத்திருந்த கடைகளும் இந்த மண்ணில் இருந்தவைதாம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து நியாயம் பேசியவர்கள் யார், வெளியே நின்று குடித்தவர்கள் யார் என்பது தெரிந்ததுதான். ஆனால் டீக்கடையில் அளந்துவிடுகிறவனுக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவர், அமராவதி அணை உடைந்துவிட்டது என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, சாகிற வரைக்கும் ‘அணை உடைத்தவர்’ என்றே அழைக்கப்பட்டார். அதற்குப் பிறகு அவர் உண்மையையே சொன்னாலும் ஊர் ஒரு முறை விசாரித்துவிட்டுத்தான் நம்பியது. பொய்க்குச் செலவு இருந்தது. எங்கள் பெரியப்பாவைக் கொன்ற அட்டையைப் போட்டவர் அன்று மாலையே ‘இனிய இரவு’ படம் போட்டார்; அதற்கு இருபது பேர் கைகூப்பினார்கள்.

ஊருக்குப் போன பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஏப்ரலில் திரும்பி வந்தார்கள். ஓவர்லாக் பையன் அவன் அம்மா செய்து கொடுத்த தெக்குவா என்கிற பலகாரத்தை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தான். நம் அதிரசத்தைக் காயவைத்ததுபோல, கடிக்கச் சற்றுப் பல் வேண்டியிருந்தது. ஜனவரியில் நான் அனுப்பியதைப் பற்றி அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

போன மாதம் கோயில் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தார்கள். வெள்ளை வேனில் வருகிறார்களாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்கிறார்களாம், ‘நம்ம ஏரியாவில் நேற்று நடந்தது’ என்றிருந்தது. மேலே இரட்டை அம்புக்குறி. போட்டவர் என் சொந்தத் தாய்மாமன். எழுதிவிட்டு, அழித்துவிட்டு, மறுபடியும் எழுதி, கடைசியில் அனுப்பினேன்: ‘எந்த ஊருங்க மாமா? யாருங்க பார்த்தது?’

இரண்டு மணி நேரம் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு யாரோ ஒருவர் பழனி முருகன் படம் போட்டார். இரவு ஒன்பது மணிக்கு மாமா தனியாகப் போன் செய்தார். பிள்ளைகள் படிப்பு, கம்பெனி நிலவரம், மழை எல்லாம் விசாரித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில், “நீ கேட்டது நாயந்தான் கண்ணு. ஆனா குழுவுல கேட்டிருக்க வேண்டாம், எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமல்ல” என்றார். சரிங்க மாமா என்றேன். வைத்த பிறகு குழுவைத் திறந்து பார்த்தேன். மாமா தம் செய்தியை அழித்திருந்தார். என் கேள்வி மட்டும் எதற்குக் கேட்டது என்றே தெரியாமல் முருகன் படத்துக்கு மேலே தனியாக நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே பெரியப்பா, தம் வழக்கத்துக்கு மாறாகப் பொம்மை எதுவும் இல்லாமல், ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அதானே, யாரு பார்த்தது?’